பழைய மாளிகையில் மூன்று நாள்

நாட்றம்பள்ளி வாசிகளுக்கு மலை புதிதன்று. சுமார் 1,100 மீட்டர் உயரமுள்ள ஏலகிரி நம் வாயிற்படியிலேயே நிற்கிறது. புலவர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கிய 14 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து காலையில் ஏறினால் மாலையில் இறங்கி வீட்டிலேயே சாப்பிடலாம். ஆனால் அது உலாவுதலே அன்றித் தங்குதலாகாது. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பதனிடும் சாலைகளிலும் செருப்புத் தொழிற்சாலைகளிலும் வருஷமெல்லாம் உழைக்கும் குடும்பத்துக்கு மூன்று நாள் ஓய்வு வாய்க்குமானால், அதை எங்கே கழிப்பது? பழமையும் அழகும் உள்ள ஒரு விடுதியில் தங்கலாம் என்ற ஆசை இப்போது பலருக்கும் உண்டாகியிருக்கிறது. நல்ல ஆசைதான். எந்த விடுதி என்பதே கேள்வி.

இங்கிலாந்தில் இவ்வழக்கம் நெடுநாளையது. குதிரைக் கோச்சுகள் நின்று சென்ற சாலையோரச் சத்திரங்களும், பிரபுக்களின் கிராமாந்தர மாளிகைகளும் இன்று அங்கே விடுதிகளாக விளங்குகின்றன. பழங்கட்டடங்களைப் பட்டியலிட்டுப் பாதுகாக்க அந்நாட்டார் 1947-லேயே சட்டம் செய்தனர். பட்டியலில் சேர்ந்த வீட்டைச் சொந்தக்காரரும் தம் இஷ்டப்படி இடித்துவிட முடியாது.

நம் ராஜ்யத்தில் பழைய விடுதி என்றதும் பலர் உதகமண்டலத்தையே நினைப்பர். கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் அம்மலைக்கு வந்தார். சில வருஷங்களில் தோதவர்களின் மேய்ச்சல் நிலத்தில் கல் வீடு ஒன்றைக் கட்டினார். அதன்பின் எழுந்தவை பல. சவாய் ஹோட்டல் தன் சரித்திரத்தை 1829 முதல் கணக்கிடுகிறது. தேவதாரு மரங்களும் கணப்பு அடுப்பும் மனத்தைக் கவரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் சென்னை ராஜதானியின் கவர்னர்கள் அங்கே கோடையைக் கழித்த காலத்தில், நம்மவர்கள் அத்தகைய மாளிகைகளுக்குள் நுழைந்தது பெரும்பாலும் பட்லராகவும் ஆயாவாகவுமே. இன்று கதவு திறந்திருக்கிறது. உள்ளே செல்பவர் இதை மறவாதிருந்தால் போதும். மற்றொன்று: 2024 மே முதல் உதகைக்குச் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. புறப்படுமுன் விதிகளை விசாரித்துக்கொள்ளுதல் நன்று.

நாம் சிபாரிசு செய்வது வேறு திசை. ஜோலார்பேட்டையில் ரயிலேறி, சேலம், திருச்சி வழியாக வண்டி மாறிச் சென்றால் காரைக்குடியை அடையலாம். அதைச் சுற்றியுள்ள நகரத்தார் ஊர்களில் நம்மவர் செல்வத்தால், நம் கொத்தர்களும் தச்சர்களும் எழுப்பிய மாளிகைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. பர்மாத் தேக்குத் தூண்கள், முட்டை வெண்கரு சேர்த்து மெருகிட்ட சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடித் தரைக் கற்கள், கட்டுக்குக் கட்டு முற்றம் என்று ஒவ்வொன்றும் ஒரு காட்சி.

இவ்வீடுகளின் கதை இன்பம் மட்டுமன்று. 1930-களில் உலகெங்கும் வியாபாரம் படுத்தபோது, கடனைத் திருப்ப முடியாத பர்மா விவசாயிகளின் நிலங்கள் வட்டிக்கடைகளின் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் சுமார் கால் பங்கு செட்டியார்களுக்கு உரியதாயிற்று. அந்நாட்டாரின் கசப்பும் வளர்ந்தது. 1942-ல் ஜப்பானியர் படையெடுத்தபோது பலர் எல்லாவற்றையும் விட்டு ஓடி வந்தனர். தேக்கும் பணமும் வந்த வழி அடைபட்டது. வீடுகள் நின்றன, பராமரிக்க வருமானம் இல்லை. பங்காளிகள் பலராகிப் பல ஊர்களில் சிதறினர். அதனால்தான் எத்தனையோ மாளிகைகள் இடிபட்டு, கதவும் தூணும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளுக்குச் சென்றன.

விடுதியாக மாறிய வீடுகளுக்கு இக்கதி நேரவில்லை. கானாடுகாத்தானில் தந்தையார் ஒருவர் தம் மகளுக்காகக் கட்டிய வீடு, இன்று 'விசாலம்' என்ற விடுதி. காரைக்குடியின் 'பங்களா'வும் இவ்வகையதே. இங்கே தங்குபவர் கொடுக்கும் வாடகை ஓட்டை மாற்றுகிறது. தச்சனுக்கும் சமையற்காரருக்கும் கூலியாகிறது. பழமையை ரசித்தல் வேறு, பழமையைக் காத்தல் வேறு. இரண்டும் ஒரே செலவில் நடக்குமானால் அதை விடுவானேன்?

தேர்ந்தெடுக்குமுன் சில கேள்விகள் கேட்க வேண்டும். வீடு மெய்யாகவே பழையதா, அல்லது பழந்தூண் நான்கை நட்டு நேற்றுக் கட்டியதா? எந்த வருஷம், யார் கட்டியது என்று கேட்டால், உண்மையான விடுதிக்காரர் மகிழ்ந்து சொல்வார். பழைய வீடுகளில் வாயிற்படி உயரம், மாடிப்படி செங்குத்து. முழங்கால் வலியுள்ள பெரியோர் உடன் வந்தால் கீழ்த்தள அறையை முன்கூட்டியே கேட்டு வாங்குக. குளியலறை அறையோடு சேர்ந்ததா என்பதையும் விசாரிக்க. சித்திரை, வைகாசியில் அப்பக்கம் வெயில் தாங்காது. மார்கழி, தை மாதங்களே உகந்தவை.

வாடகை அதிகம் என்று நேயர்கள் தயங்கக்கூடும், நியாயமே. மூன்று இரவும் அங்கே தங்க வேண்டுமென்பதில்லை. ஓரிரவு மாளிகையில் தங்கி, மற்ற இரவுகளைக் காரைக்குடியில் எளிய விடுதியில் கழித்துப் பகலில் தெருத் தெருவாக நடந்து பார்க்கலாம். குழந்தைகளுக்கு முற்றத்தைக் காட்டுங்கள். அம்மரம் எந்தக் கடல் கடந்து வந்தது, எவ்விலைக்கு வந்தது என்பதையும் சொல்லுங்கள்.