லெய்டனின் பன்னிரண்டு படுக்கைகள்

இஸ்லாமிய மருத்துவ மரபைப் பற்றி எழுதும்போது நாம் பெரும்பாலும் இப்னு ஸீனாவோடு நிறுத்திக்கொள்கிறோம். பின்னர் ஐரோப்பா எதனை நம்மிடமிருந்து பெற்றது, எதனைத் தானே கண்டது எனப் பிரித்தறிய முற்படுவதில்லை. அதற்கு ஹெர்மன் பூர்ஹாவே என்னும் டச்சு மருத்துவரின் வரலாறு நமக்குத் துணை செய்கிறது.

1668இல் லெய்டன் நகருக்கருகே ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்த அவர், சமயப் பணிக்கென்றே வளர்க்கப்பட்டார். படகுப் பயணமொன்றில் தத்துவஞானி ஸ்பினோஸாவை ஒருவர் கடுமையாகத் தூற்ற, 'அவருடைய நூலைப் படித்ததுண்டா?' என்று பூர்ஹாவே அமைதியாகக் கேட்டாராம். அவ்வொரு கேள்வியே அவரை ஸ்பினோஸாவின் ஆதரவாளராக்கிவிட்டது; பாதிரியாராகும் வழியும் அடைபட்டது. 1693இல் மருத்துவப் பட்டம் பெற்றவர், 1709இல் லெய்டனில் மருத்துவத்திற்கும் தாவரவியலுக்கும், 1718இல் வேதியியலுக்கும் பேராசிரியரானார்.

அவருடைய புகழுக்கு நூல்களினும் பெரிய காரணம் நோயாளியின் படுக்கையருகே அவர் நடத்திய பாடமாகும். 1714 முதல், ஆண்களுக்கு ஆறும் பெண்களுக்கு ஆறுமாகப் பன்னிரண்டே படுக்கைகளை வைத்துக்கொண்டு, ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் வந்த மாணவர்களுக்குக் கற்பித்தார். நோயாளியை விசாரிப்பது, சிறுநீரைச் சோதிப்பது, இறந்தோரின் உடலைத் திறந்து தம் கணிப்பு சரிதானா என்று பார்ப்பது என அப்பாடம் அமைந்திருந்தது.

திமிஷ்கின் நூரீ மருத்துவமனையில் மருத்துவர் நோயாளிகளைச் சுற்றிப் பார்த்தபின் மண்டபத்தில் அமர்ந்து மாணவருக்குப் பாடம் சொன்ன செய்தியை, ஹிஜ்ரி 7ஆம் நூற்றாண்டிலேயே இப்னு அபீ உஸைபிஆ பதிந்துள்ளார். இதை வைத்து பூர்ஹாவே நம்மவரைப் பின்பற்றினார் என்று சொல்லிவிட முடியாது. இத்தாலியின் பதுவாவிலும் லெய்டனிலுமே அவருக்கு முன்னோடிகள் இருந்தனர். பெருமை பேசும் ஆவலில் நம் எழுத்தாளர் சிலர் இங்கே சறுக்கிவிடுகின்றனர்.

உறுதியான தொடர்பு வேறோரிடத்தில் உள்ளது. பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்திக் காட்டி அபூபக்ர் அர்ராஸீ எழுதிய நூலின் அரபுக் கையெழுத்துப் படி லெய்டனில் இருந்தது. லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் மீட் அதை விரும்பிக் கேட்க, நண்பரான பூர்ஹாவே நகலெடுப்பித்து அனுப்பினார். அதன் இலத்தீன் மொழிபெயர்ப்பைத் தம் அம்மை நூலோடு சேர்த்து மீட் 1747இல் வெளியிட்டார். எட்டு நூற்றாண்டுகளுக்கு முந்திய அந்நூலை அவர் வெறும் பழம்பொருளாகக் கருதவில்லை. அன்றும் லண்டனில் மக்களை மாய்த்துக்கொண்டிருந்த நோய்க்குரிய நூலாகவே மதித்தார்.

பூர்ஹாவே 1738இல் மறைந்தார். அவருடைய மருத்துவ மணிமொழித் தொகுப்பு, சுல்தான் மூன்றாம் முஸ்தஃபாவின் காலத்தில் உஸ்மானிய மருத்துவர் சுப்ஹீஸாதா அப்துல் அஸீஸ் எஃபந்தியால் துருக்கியில் பெயர்க்கப்பட்டு 1771இல் நிறைவுற்றது. உடலைக் குழாய்களும் அவற்றில் ஓடும் திரவங்களும் கொண்ட ஓர் இயந்திரமாகக் கண்ட லெய்டன் பேராசிரியரின் கருத்து, நான்கு கலத்துகளின் அடிப்படையில் மருத்துவம் பயின்ற இஸ்தான்புல் ஹகீம்களின் கைகளை இவ்வாறு அடைந்தது.