அளந்து பார்ப்போம்: கணிப்பொறி வலையமைப்பின் விரைவு

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களுக்கு நெல் மூட்டையும் மணிலா மூட்டையும் கொண்டுவரும் உழவர், எடை போடும்போது அருகில் நின்று பாராமல் அகல்வதில்லை. நாழியும் மரக்காலும் வழங்கிய காலத்திலும், தலைதட்டி அளந்தாரா, குவித்து அளந்தாரா என்பது வழக்குக்குரிய செய்தியாகவே இருந்தது. ஆயின், மாதந்தோறும் பணம் கட்டி நாம் பெறும் இணைய இணைப்பை அளந்து பார்ப்பவர் மிகச் சிலரே. ‘நெட் ஸ்லோ’ என்னும் இரு சொற்களில் குறையைச் சொல்லி அமைந்துவிடுகிறோம். அளக்காமல் சொல்லும் குறை சில வேளைகளில் குற்றமற்றவர் மீது போய் விழுவதும் உண்டு. நாமே அவ்வாறு ஒரு மாணவர்க்குத் தவறிழைத்தோம். அதனைப் பின்னர்க் கூறுவோம்.

முதற்கண் ‘வேகம்’ என்னும் சொல்லைச் சற்றே பிரித்து நோக்குதல் வேண்டும். விழுப்புரம் சந்திப்பிலிருந்து சென்னை எழும்பூருக்கு ஒரு நாளில் எத்தனை பயணிகளை ஏற்றிச் செல்லலாம் என்பது ஒரு வினா. ஒரு பயணி எத்தனை மணி நேரத்தில் சென்று சேர்வார் என்பது வேறு வினா. ஏறியவர் அனைவரும் இறங்கினரா என்பது மூன்றாவது வினா. வலையமைப்பிலும் இவ்வாறே கொள்ளளவு, காலத்தாழ்வு, இழப்பு என மூன்று உள. விளம்பரங்களில் பெரிய எழுத்தில் அச்சாகும் 100 மெகாபிட் என்பது முதலாவதை மட்டுமே குறிக்கும். அரசின் வரையறையும் அதனையே பற்றி நின்றது. அகன்ற அலைவரிசை என்று அழைக்கப்பெற 2004-இல் வினாடிக்கு 256 கிலோபிட், 2013-இல் 512 கிலோபிட், 2023-இல் 2 மெகாபிட் எனக் குறைந்த அளவு உயர்ந்தது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2006-இல் வகுத்த தர விதிகளில் காலத்தாழ்வும் இடம்பெற்றது. இணைய நிறுவனத்தாரின் நிலையத்திலிருந்து பன்னாட்டு வாயில் வரை 120 மில்லி வினாடிக்குள் இருத்தல் வேண்டும், நூறு பொதிகளில் ஒன்றுக்கு மேல் இழத்தலாகாது என அவை கூறின. 2024-இல் அவற்றுக்கு மாற்றாகப் புதிய விதிகள் வந்தன. இவ்விதிகளை அறிந்து கேள்வி கேட்ட வாடிக்கையாளர் நம் மாவட்டத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

காலத்தாழ்வையும் இழப்பையும் அளக்கும் கருவி எல்லாக் கணிப்பொறிகளிலும் ஏற்கெனவே இருக்கிறது. விலை கொடுத்து வாங்க வேண்டுவதில்லை. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டெழுதும் சாளரத்தைத் திறந்து, ‘பிங்’ என்னும் சொல்லையும் சேர வேண்டிய கணிப்பொறியின் முகவரியையும் எழுதினால் போதும். நம் கணிப்பொறி ஒரு சிறு பொதியை அனுப்பும். அங்குள்ள கணிப்பொறி அதனை அப்படியே திருப்பி அனுப்பும். போய்வந்த நேரம் மில்லி வினாடிக் கணக்கில் திரையில் தோன்றும். இதனை இயற்றியவர் மைக் மூஸ் என்னும் அமெரிக்கர். அந்நாட்டு இராணுவத்தின் எறிபடை ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அவர், 1983 டிசம்பரில் வலையமைப்பு ஒன்று விளங்காத வகையில் தொல்லை தந்தபோது இதனை ஒரே இரவில் எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல்கள் ஒலியை அனுப்பி அதன் எதிரொலியால் தொலைவை அறியும் முறையே அவருக்குத் தூண்டுதல். பெயரும் அந்த ஒலியின் பெயரே. தம் வாழ்வின் புகழ்மிக்க பணி இதுவாகும் என்று தெரிந்திருந்தால் இன்னும் ஓரிரு நாள் கூடுதலாக உழைத்திருப்பேன் என்று அவர் பிற்காலத்தில் வேடிக்கையாக எழுதினார்.

விண்டோஸ் கணிப்பொறியில் பிங் நான்கு பொதிகளை மட்டும் அனுப்பி நின்றுவிடும். நான்கைக் கொண்டு எதனையும் முடிவு செய்தல் கூடாது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையலறைக்குப் பொருந்தும், வலையமைப்புக்குப் பொருந்தாது. நூறேனும் அனுப்பி, காலையிலும் மாலையிலும் அளந்து, சராசரியோடு மிகப் பெரிய எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். சராசரி 20 என்றிருந்து இடையிடையே 400 வருமாயின், அந்த 400-தான் குரலை உடைப்பது.

இனி, எவ்வளவு இருந்தால் நன்று என்னும் வினா எழும். ஒளியிழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். விழுப்புரத்திலிருந்து சென்னை சுமார் 160 கிலோமீட்டர் ஆதலின், போய்வர 1.6 மில்லி வினாடி போதும். சென்னையிலிருந்து கடலடிக் கம்பி வழியே சிங்கப்பூர் சுமார் 3,200 கிலோமீட்டர். அதற்குப் போய்வர 32 மில்லி வினாடி. இந்த எண்களுக்குக் கீழே எந்த நிறுவனமும் எத்தனை பணம் பெற்றாலும் செல்ல இயலாது. இவற்றுக்கு மேலே வருவதெல்லாம் கருவிகளின் காலமும், வரிசையில் காத்திருக்கும் காலமும், சுற்றுவழிக் காலமும் ஆகும்.

சுற்றுவழி என்றோம். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே 40 கிலோமீட்டர் கூட இல்லை. ஆயினும் ஓர் ஊரில் ஒரு நிறுவனத்தின் இணைப்பும், மற்றோர் ஊரில் வேறு நிறுவனத்தின் இணைப்பும் இருக்குமாயின், அவ்விரண்டும் பெரும்பாலும் சென்னை போன்ற பெருநகரிலேயே சந்திக்கும். விழுப்புரத்தில் வண்டி ஏறியவர் திண்டிவனத்தில் இறங்காமல் எழும்பூர் வரை சென்று, அங்கு வண்டி மாறித் திண்டிவனம் திரும்புவது போன்றது இது. 40 கிலோமீட்டருக்கு மாறாக ஏறத்தாழ 280. கேட்பதற்கு வியப்பாயினும், போய்வர ஒளிக்கு இதனால் ஏற்படும் செலவு 3 மில்லி வினாடி கூட இல்லை. ஆகவே நம் மாவட்டத்துக்குள் ஒருவர் குரல் மற்றவர்க்கு உடைந்து கேட்குமாயின், தொலைவைக் காரணம் காட்டுதல் பொருந்தாது. காத்திருக்கும் இடம் எதுவென்று தேட வேண்டும்.

தேடுவதற்கு உதவுவது ‘டிரேஸ்ரூட்’. விண்டோஸில் இதன் பெயர் ‘டிரேசர்ட்’. 1980-களின் பிற்பகுதியில் வான் ஜேக்கப்சன் எழுதியது. ஒவ்வொரு பொதியும் தன்மேல் ஓர் எண்ணைத் தாங்கிச் செல்கிறது. வழியிலுள்ள ஒவ்வொரு ரௌட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும். எண் சுழியாகிவிட்டால் அந்தப் பொதியைக் கைவிட்டு, ‘இங்கு முடிந்தது’ என அனுப்பியவர்க்குச் செய்தி விடுக்கும். டிரேஸ்ரூட் முதலில் 1 என எழுதி அனுப்பும், பிறகு 2, பிறகு 3. இவ்வாறு நிலையம் நிலையமாகப் பெயரும் நேரமும் கிடைக்கின்றன. இடையே விண்மீன் குறிகள் தோன்றினால் அஞ்ச வேண்டா. அந்த ரௌட்டர் விடை கூற மறுத்தது என்பதன்றிப் பழுது என்று பொருளன்று.

கொள்ளளவை அளக்க ‘ஐபெர்ஃப்’ உண்டு. மூஸும் டெர்ரி ஸ்லாட்டரியும் 1984-இல் செய்த ‘டிடிசிபி’ என்னும் கருவியின் வழியில் வந்தது இது. ஒரு கணிப்பொறியைக் கேட்கும்படியும் மற்றொன்றை அனுப்பும்படியும் அமைத்தால், பத்து வினாடி முழு மூச்சாக அனுப்பி எத்தனை மெகாபிட் சென்றது என்று கூறும். கல்லூரிக் கணினிக் கூடத்தில் இரு கணிப்பொறிகளை 100 மெகாபிட் கம்பியால் இணைத்து மாணவர் இதனைச் செய்து பார்த்தால் 94 என்னும் எண்ணைக் காண்பர். மீதி ஆறும் களவு போகவில்லை. கம்பியில் செல்லும் ஒவ்வொரு 1,538 பைட்டிலும் 1,448 மட்டுமே நம் செய்தி, ஏனையவை முகவரியும் உறையும் இடைவெளியும். சாக்கின் எடையைக் கழித்துக்கொள்வது போன்றதே இது. அன்றியும் எட்டு பிட் கொண்டது ஒரு பைட் ஆதலின், 100 மெகாபிட் இணைப்பில் கோப்பு வினாடிக்கு 12 மெகாபைட் அளவிலேயே இறங்கும். இது தெரியாமல் நிறுவனத்தாரோடு சச்சரவிட்டவர்களை நாம் கண்டிருக்கிறோம்.

வரிசையில் காத்திருத்தல் எத்துணைக் கொடியது என்பதற்கு வரலாற்றுச் சான்று ஒன்றுண்டு. 1986 அக்டோபரில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே இருந்த இணைப்பு, வினாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாக வீழ்ந்தது. அதாவது வினாடிக்கு ஐந்து ஆங்கில எழுத்துகள். இடைப்பட்ட தொலைவு 400 கெஜம், நீண்ட இரயில் நடைமேடை ஒன்றின் அளவுகூட இல்லை. கம்பி அறுபடவில்லை. விடை வரத் தாமதமானதும் ஒவ்வொரு கணிப்பொறியும் அதே பொதியை மீண்டும் மீண்டும் அனுப்பி நெரிசலைப் பெருக்கியதே காரணம். இதனை ஆராய்ந்தவரும் மேற்கூறிய ஜேக்கப்சனே. நெரிசல் கண்டால் அனுப்புவதைக் குறைக்கும் முறையை 1988-இல் அவர் வெளியிட்டார்.

இனி நம் கதைக்கு வருவோம். கொரோனாக் காலத்தில், 2021-இல், விழுப்புரத்திலுள்ள நம் இல்லத்திலிருந்து மாலை வேளைகளில் இணையவழி வகுப்பு நடத்தினோம். திண்டிவனத்து மாணவர் ஒருவர், “ஐயா, தங்கள் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது” என்று பலமுறை கூறினார். நம் இணைப்பு 100 மெகாபிட் என்பதில் நமக்குப் பெருமிதம். “தம்பி, உன் பக்கத்தைச் சரி பார்” என்று கூறி, வாய்மொழித் தேர்வில் விடையளிக்கவில்லை என்று சுழியும் இட்டோம். அவர் வாதிடவில்லை. மறுவாரம், தாளில் கோடிட்டு எழுதிய அட்டவணை ஒன்றைப் படமெடுத்து அனுப்பினார். தம் வீட்டு ரௌட்டருக்கு 2 மில்லி வினாடி, சென்னைக்கு 11, வகுப்பு நேரத்தில் நூறு அனுப்பி நூறும் திரும்பின. கீழே ஒரு வரி: “ஐயா, தங்கள் இல்லத்திலும் இவ்வாறு அளந்து பார்க்க வேண்டுகிறேன்.”

பகலில் அளந்தோம். 12 வந்தது. மனம் நிறைந்தது. மாலையில் வகுப்பு நடக்கும்போதே அளந்தோம். 700, 850, இடையிடையே விடையே இல்லை. வீட்டு ரௌட்டருக்கு மட்டும் அளந்தால் 3. ஆகவே குற்றம் நம் ரௌட்டருக்கும் வீதிக்கும் இடையில். சற்றுத் தேடியபின் விளங்கிற்று. வீட்டிலிருந்த கைப்பேசி ஒன்று, திருமண நிகழ்ச்சியின் ஒளிப்படங்களை ஒவ்வொரு மாலையும் தொலைவிலுள்ள சேமிப்பகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. நம் இணைப்பில் இறங்கும் திசைக்குத்தான் 100. ஏறும் திசைக்கு 4 மெகாபிட் மட்டுமே. ரௌட்டரின் நினைவில் 400 கிலோபைட் அளவுக்குப் பொதிகள் தேங்கினால், அவற்றை 4 மெகாபிட் வழியில் வெளியேற்ற 800 மில்லி வினாடி ஆகும். நம் குரற்பொதி ஒவ்வொன்றும் அந்தப் படங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றது. தேக்கம் பெரிதாக இருப்பதே தீமையாகும் இந்நிலையை 2010-இல் ஜிம் கெட்டிஸ் என்னும் பொறியாளரும் தம் வீட்டு இணைப்பில் கண்டு, ‘பஃபர்புளோட்’ எனப் பெயரிட்டு உலகறியச் செய்தார். தேக்க வீக்கம் என்று தமிழில் கூறலாம்.

கைப்பேசி படம் அனுப்பும் நேரத்தை நள்ளிரவுக்கு மாற்றினோம். அன்று மாலை பிங் 14 காட்டியது. மாணவரை அழைத்து, பிழை நம்முடையது என்று கூறி, வாய்மொழித் தேர்வை மீண்டும் நடத்தினோம். பத்துக்கு ஒன்பது பெற்றார். சுழியை அடித்து ஒன்பது என எழுதிய அப்பக்கத்தில், அவர் அனுப்பிய அட்டவணையையும் அச்சிட்டு ஒட்டி வைத்திருக்கிறோம்.