ஃபார்மேட் செய்தாலும் அழியாத எண்: உங்கள் டிஸ்க்கின் அடையாளத்தை யாரெல்லாம் பார்க்க முடியும்?

மூணாறிலோ கொழிஞ்சாம்பாறையிலோ அரசுப் பள்ளியில் படித்தவரா நீங்கள்? அப்படியென்றால் ஐடி லேப்பில் நீங்கள் பழகியது பெரும்பாலும் லினக்ஸாகத்தான் இருந்திருக்கும். கேரள அரசின் 'கைட்' நிறுவனம், உபுண்டுவை அடிப்படையாக வைத்து உருவாக்கிய இயங்குதளத்தைத்தான் அரசுப் பள்ளிகளுக்குத் தருகிறது. இடுக்கி, பாலக்காடு எல்லையோரத் தமிழ்வழிப் பள்ளிகளும் அதில் அடக்கம்.

லினக்ஸை இன்ஸ்டால் செய்து பார்த்தவர்களுக்கு ஒரு பயம் நன்றாகத் தெரியும். அழிக்க வேண்டியது 'எஸ்டிஏ'வா, 'எஸ்டிபி'யா? தப்பான எழுத்தை அடித்தால் மொத்த டேட்டாவும் காலி. காரணம், அவை பெயர்களே இல்லை; ஆஸ்பத்திரி டோக்கன் மாதிரி. எந்த டிஸ்க் முதலில் கண்ணில் படுகிறதோ அதற்கு 'ஏ'. அடுத்த முறை பூட் செய்யும்போது வரிசை மாறலாம்.

அப்போ உண்மையான பெயர் எது?

தொழிற்சாலையிலேயே டிஸ்க்குக்குள் பதியப்படும் சீரியல் எண். சாட்டா டிஸ்க்கிடம் 'நீ யார்?' என்று கெர்னல் கேட்டால், 512 பைட் பதில் வரும். அதில் 20 எழுத்து சீரியல் எண்ணுக்கு, 40 எழுத்து மாடல் பெயருக்கு. புதிய என்விஎம்ஈ எஸ்எஸ்டிகளிலும் இதே 20, 40 கணக்குதான். பதில் மட்டும் 4,096 பைட்.

முன்பெல்லாம் இந்த எண் தேவைப்பட்ட புரோகிராம், ஒவ்வொரு முறையும் டிஸ்க்கிடமே நேராகப் போய்க் கேட்கும். அதற்கு ரூட் அனுமதி வேண்டும். டிஸ்க் பதில் சொல்லாமல் தொங்கினால், கேட்டவரும் சேர்ந்து தொங்குவார். கெர்னலோ ஏற்கெனவே ஒருமுறை கேட்டு வைத்திருக்கிறது, அதையே காட்டினால் என்ன? 2014 ஜூனில் வெளியான லினக்ஸ் 3.15 அதைத்தான் செய்தது. ஸ்கஸி வகை டிஸ்க்குகளின் அடையாளப் பக்கங்கள் 'சிஸ்' அடைவில் சாதாரண ஃபைல்களாகத் தெரிய ஆரம்பித்தன. சின்ன மாற்றம்தான், ஆனால் நூற்றுக்கணக்கான டிஸ்க்குகளை நிர்வகிப்பவர்களுக்குப் பெரிய நிம்மதி.

சரி, இதுல என்ன பிரச்னை?

அந்த ஃபைல்களை ரூட் மட்டுமல்ல, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மதர்போர்டின் சீரியல் எண்ணை ரூட்டுக்கு மட்டும் காட்டும் அதே கெர்னல், எஸ்எஸ்டியின் சீரியல் எண்ணை எல்லோருக்கும் காட்டுகிறது. இது கொஞ்சம் விசித்திரம்தான். டாக்கர் கன்டெய்னருக்குள் ஓடும் ஒரு செயலிகூட, பொதுவாக வெளியே இருக்கும் இயந்திரத்தின் டிஸ்க் எண்ணைப் பார்த்துவிடும்.

லைசென்ஸ் சோதிக்கும் மென்பொருட்களுக்கு இது வசதி. உங்களைப் பின்தொடர நினைப்பவர்களுக்கும் அதே வசதி! ஏனென்றால் ஃபார்மேட் செய்தாலும், இயங்குதளத்தையே மாற்றினாலும் இந்த எண் மாறாது. கூகுள் 2019இல் ஆண்ட்ராய்டு 10இல், சாதாரண ஆப்கள் போனின் சீரியல் எண்ணையும் ஐஎம்ஈஐயையும் படிக்க முடியாமல் பூட்டியது இதே கவலையால்தான். டெஸ்க்டாப் லினக்ஸ் இன்னும் அந்த அளவுக்குப் போகவில்லை.

கோர்ட்டில் இந்த எண்ணுக்கு என்ன வேலை?

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவைப் பாருங்கள். மின்னணு ஆவணத்தைச் சாட்சியமாகக் கொடுத்தால் கூடவே தர வேண்டிய சான்றிதழில், சாதனத்தின் மாடல், நிறம், சீரியல் எண், ஃபைலின் ஹேஷ் மதிப்பு எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. ஆபீஸ் லேப்டாப்பிலிருந்து ஒரு மெயிலையோ சாட்டையோ ஆதாரமாக எடுத்துத் தரும் நிலை உங்களுக்கும் வரலாம்.

அப்போது ஒன்றில் கவனம் தேவை. டிஸ்க்கைக் கழற்றி விலை மலிவான யூஎஸ்பி பெட்டியில் போட்டுப் படித்தால், பல நேரம் கம்ப்யூட்டருக்குத் தெரிவது பெட்டியின் எண். டிஸ்க்கின் எண் அல்ல. திரையில் வருவதை அப்படியே எழுதிவிடாதீங்க. டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.