இடி இடித்தால் வீடு ஏன் இருண்டுவிடுகிறது?

ஈப்போவில் மாலை இடி முழங்கியதும் உங்கள் வீடு இருண்டுவிடும். பக்கத்து வீட்டிலோ விளக்கு எரியும். மின்பெட்டியைப் பாருங்கள், மாணவர்களே. ஆர்.சி.சி.பி. கீழே விழுந்திருக்கும். வீட்டுக்குள் போகும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிடுகிறது. கசிவு இருந்தால் துண்டித்துவிடும். அருகில் விழும் மின்னல் அதை ஏமாற்றுவதும் உண்டு.

இடியில்லாத நாளிலும் விழுகிறதா? கை ஈரமின்றி, பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, எல்லா எம்.சி.பி.களையும் இறக்குங்கள். ஆர்.சி.சி.பி.யை ஏற்றிவிட்டு மற்றவற்றை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ, அந்த இணைப்பில்தான் கோளாறு. அதிலுள்ள பிளக்குகளைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி அந்தச் சாதனங்களில் ஒன்று.

தொல்லை என்று ஆர்.சி.சி.பி.யையே தவிர்த்து நேராக வயர் இழுப்பவர்களும் இருக்கிறார்கள். எம்.சி.பி. போதாதா? போதாது. உடலில் பாயும் 30 மில்லியாம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம் இதயத்தை நிறுத்தக்கூடும். 20 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது கண்ணிலேயே படாது.

பழுதான ஆர்.சி.சி.பி.யை மாற்றுவது நம் வேலையல்ல. மெயின் சுவிட்சை அணைத்தாலும் மீட்டரிலிருந்து அதுவரை வரும் வயரில் 230 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன் செய்யட்டும். நீங்கள் மாதம் ஒருமுறை 'டெஸ்ட்' பொத்தானை அழுத்துங்கள். விழவில்லையென்றால் அன்றே அவரை அழைக்கச் சொல்லுங்கள்.