இரண்டாம் காய்ச்சல்

ஒருமுறை வந்த நோய் மறுமுறை வாராது என்பது எங்கள் கல்முனைக்குடியில் வீட்டுக்கு வீடு வேரூன்றிய நம்பிக்கை. சின்னமுத்துக் கண்ட பிள்ளையின் தலைமாட்டிலிருந்து மூத்தம்மாமார் இதைச் சொல்லும்போது நான் மறுத்துரைத்ததில்லை. வைத்திய சாஸ்திரமும் அவர்கள் கட்சியே. வட அத்திலாந்திக்கிலுள்ள பாரோ தீவுகளில் 1781-இல் சின்னமுத்துப் பரவிற்று. பின்பு 1846-இல் அது மீண்டும் வந்தபோது, முன்பு நோய் கண்டு பிழைத்திருந்த முதியோர் எவரையும் அது தீண்டவில்லை என்று பானும் என்ற டென்மார்க்கு வைத்தியர் எழுதிவைத்தார்.

65 ஆண்டுகள் அழியாதிருந்த அந்த ஞாபகம் எங்கே உறைகின்றது? உடம்பினுள் நுழையும் கிருமியை வெண்குருதிக் கலங்கள் இனங்காண்கின்றன; அதற்கென்றே அளவெடுத்தாற்போன்ற பிறபொருளெதிரிகளைச் சுரக்கின்றன. அவை கிருமியின் மேல் ஒட்டி அதன் கைகால்களைக் கட்டிவிடுகின்றன. போர் முடிந்த பின்னும் சில கலங்கள் பகைவனின் முகத்தை மறவாமல் காத்திருக்கும். இதற்கு நிர்ப்பீடனம் என்று பெயர். பெயர் வாயில் நுழையச் சற்றே சிரமம், காரியமோ அற்புதம்.

ஆனால் மாரி மழைக்குப் பின், கடற்கரையில் கவிழ்க்காது விட்ட தோணியிலும் வளவில் எறிந்த சிரட்டையிலும் தயிர்ச்சட்டியிலும் நீர் தேங்கி நுளம்பு பெருகும் நாட்களில், இதே வாக்கை டெங்குக் காய்ச்சலுக்கும் சொல்லக் கேட்கிறேன். "போன வருஷம் இவனுக்கு வந்து போயிட்டு, இனிப் பயமில்ல" என்கிறார்கள். அப்பொழுதுதான் என் மனம் துணுக்குறுகிறது.

டெங்கு வைரஸ் ஒன்றல்ல, நான்கு வகை. ஒரு வகை கண்டவரை அதே வகை மீண்டும் அண்டுவது அரிது. வேறொரு வகை வந்தாலோ, பழைய பிறபொருளெதிரிகள் அதனைப் பாதி இனங்கண்டு ஒட்டிக்கொள்ளுமேயன்றி, அதன் வலிமையை அடக்கமாட்டா. அவை ஒட்டியிருப்பதைக் கண்ட ஒருசார் வெண்குருதிக் கலங்கள், சிறைப்பட்ட பகைவன் என்றெண்ணி வைரஸை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அதுவோ அங்கேயே பல்கிப் பெருகுகிறது. காவற்காரனே கதவைத் திறந்துவிட்ட கதை! பின்னர் உடம்பு பதறியெழுப்பும் இரசாயனக் கூக்குரலில் நுண்ணிய குருதிக் குழாய்கள் கசியத் தொடங்குகின்றன. இரண்டாம் முறை கண்டவரிலும் பெரும்பாலார் தேறிவிடுகின்றனர் என்பது மெய். ஆயினும் ஆபத்து அவர்களுக்கே மிகுதி.

1960-களில் பாங்கொக் நகரிலிருந்து ஆராய்ந்த ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க வைத்தியர் இதனைச் சுட்டினார். கியூபா அதற்குச் சாட்சியாயிற்று. 1977-இல் அங்கே பரவிய முதலாம் வகை பெரும்பாலும் இலேசாகவே கழிந்தது. 1981-இல் வந்த இரண்டாம் வகையோ 158 உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2016 முதல் பிலிப்பைன்ஸில் 8 இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு டெங்குத் தடுப்பூசி ஏற்றினார்கள். முன்பு டெங்கே காணாத பிள்ளைக்கு அதுவே முதற் காய்ச்சல்போல் அமைந்து, பின்னர் கடும் நோய்க்கு வழிகோலக்கூடும் என்று 2017 நவம்பரில் அதைத் தயாரித்தவர்களே அறிவித்தனர். நம் நாட்டிலும் அந்த 2017-இல் இரண்டாம் வகை பரவி, 186,000-க்கு மேற்பட்டோர் நோயாளராய்ப் பதிவாயினர்.

கைக்குழந்தையின் நிலை இன்னும் விசித்திரம். தாயிடமிருந்து பெற்ற பிறபொருளெதிரிகள் முதற் சில மாதம் அதனைக் காக்கும். அவை தேய்ந்து குறையும் 6 முதல் 9 மாதப் பருவத்திலோ, அதன் முதற் காய்ச்சலே இரண்டாம் காய்ச்சல்போல் கொடிதாகலாம்.

காய்ச்சல் தணியும் நாளிலேதான் கசிவு தொடங்கும். "சூடு இறங்கிட்டு" என்று வீட்டார் மகிழும் அவ்வேளையில் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, முரசில் குருதி, சோர்வு இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை ஊருக்குள்ளேயே இருக்கின்றது. அஸ்பிரின் கொடுத்தல் ஆகாது. முன்பு டெங்கு வந்ததுண்டா என்பதையும் வைத்தியரிடம் சொல்லவேண்டும். எந்த வகை வந்தது என்று மட்டும் வீட்டாரால் சொல்லவியலாது; வழக்கமான பரிசோதனைத் தாளில் டெங்கு என்றிருக்குமேயொழிய, நான்கில் எது என்றிராது.