கடலோர ஏரியில் தூண்டில் மீன்பிடிப்பு

தோட்டத்து ஓடையிலும் மழைநீர்க் குட்டையிலும் மூங்கிற்கழி கொண்டு மீன் பிடித்தறியாத பிள்ளைகள் நம்மிடையே சிலரே. மண்புழுவை முள்ளில் கோத்து, தக்கை அமிழும் வரை காத்திருக்கும் அவ்வின்பம் இன்று உலகெங்கும் ஒரு விளையாட்டாக வளர்ந்துள்ளது. சிங்கப்பூரின் கடலோர ஏரிகளில் அது நடைபெறும் முறையை இங்கே காண்போம்.

கடலோரத்தில் நன்னீர் ஏரி எவ்வாறு உண்டாகிறது? ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தின் குறுக்கே அணை கட்டப்படுகிறது. கடல்நீர் உள்ளே வருவது தடைபடுகிறது. மழைநீரும் ஆற்றுநீரும் தொடர்ந்து வந்து சேர, உள்ளிருந்த உவர்நீர் சிறிது சிறிதாக வெளியேறுகிறது. இவ்வாறே 1975இல் கிராஞ்சி நீர்த்தேக்கமும், 1986இல் கீழ்ச் சிலேத்தார் நீர்த்தேக்கமும் உருவாயின. 2008இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டின் உட்புற நீர், 2010இல் நன்னீராயிற்று.

இத்தகைய ஏரிகளில் தூண்டிற்காரர்கள் பெரிதும் நாடும் மீன் தோமான். இது விரால் இனத்தைச் சேர்ந்தது. நீரில் வாழ்ந்தாலும், அவ்வப்போது மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும். இதன் குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாக நீர்மட்டத்தில் திரியும். தாயும் தந்தையும் கீழேயிருந்து அவற்றைக் காவல் காக்கும். நெருங்கும் எதனையும் சீறித் தாக்கும். அச்சினமே அவற்றைத் தூண்டிலில் எளிதாகச் சிக்க வைக்கிறது. பெற்றோரைப் பிடித்துவிட்டால் குஞ்சுகளைப் பிற மீன்கள் இரையாக்கிக் கொள்ளும். ஆதலால், குஞ்சுகளுடன் திரியும் தோமானைப் பிடியாது விடுவதே நன்று.

வாலின் அடியில் கண்போன்ற புள்ளியுடைய பீகாக் பாஸ் என்னும் மீனும் இங்குண்டு. அதன் தாயகம் தென்னமெரிக்கா. திலாப்பியாவின் தாயகம் ஆப்பிரிக்கா. இவை தாமாக நீந்தி வந்தவையல்ல. மனிதரால் கொண்டு வரப்பட்டவை. பீகாக் பாஸ் சிறு மீன்களை விரைந்து விழுங்குவதால் உள்நாட்டு மீன்களுக்கு ஆபத்து நேர்கிறது. வீட்டுத் தொட்டியில் வளர்த்த மீனை, இரக்கத்தால் கூட, ஏரியில் விடலாகாது என்பதற்கு இதுவே சான்று.

இந்நீர்த்தேக்கங்களில் குறிக்கப்பட்ட இடங்களில் மட்டுமே மீன் பிடிக்கலாம். மண்புழு, இறால் முதலிய இரைகளுக்கு அனுமதியில்லை. மீன்போல் செய்யப்பட்ட செயற்கை இரையையே பயன்படுத்த வேண்டும். ஏன்? இவ்வேரி நீரே சுத்திகரிக்கப்பட்டுக் குடிநீராகிறது. எஞ்சிய இரை நீரில் அழுகினால் உயிர்வளி குறையும், பாசி பெருகும்.

பலர் பிடித்த மீனை மீண்டும் நீரிலேயே விட்டுவிடுகின்றனர். அதற்கும் முறை உண்டு. மீனின் உடலிலுள்ள வழுவழுப்பு, நோயிலிருந்து அதனைக் காக்கும் கவசமாகும். உலர்ந்த கையால் பிடித்தால் அது அழியும். எனவே கையை நனைத்துக்கொண்டு, முள்ளை விரைவாக எடுத்து, மீனை மெதுவாக நீரில் விட வேண்டும். அறுந்த தங்கூசை அங்கேயே எறிந்துவிடுவதும் தவறு. பறவைகளின் கால்களும் ஆமைகளும் அதில் சிக்கித் துன்புறும்.

மாணவர்களே! ஏரிக்கரைக்குப் பெரியவர் துணையின்றிச் செல்லாதீர்கள். இடியோசை கேட்டவுடன் தூண்டிலைச் சுருட்டிக் கொண்டு கட்டடத்துள் செல்லுங்கள். இக்காலத்துக் கரியிழைத் தூண்டிற்கோல் மின்சாரத்தைக் கடத்தும் என்பதை மறவாதீர்கள்.

நம் தோட்டத்து ஓடைக்கும் இவ்வறிவு பொருந்தும். ஓடை சிறிதாயினும் அதிலும் தாய்மீன் உண்டு, குஞ்சும் உண்டு. இன்று நாம் விட்டுவைக்கும் மீனே நாளை நம் தம்பி தங்கையர் கண்டு மகிழும் மீனாகும்.