கடன் அட்டையின் கெடு நாளை மாற்றிக்கொள்ளும் முறை

கடனைத் தீர்க்க வேண்டிய நாளும் கையில் பணம் வரும் நாளும் பொருந்தாவிடில், நாணயமுள்ள குடும்பமும் திண்டாட நேரும். மாதத்தின் முதல் நாளில் சம்பளம் பெறுகிற ஒருவருக்குக் கடன் அட்டையின் கெடு 28ஆம் தேதி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வாடகை, பள்ளிச் சம்பளம், மளிகைப் பாக்கி யாவும் போக, மாதக் கடைசியில் அவர் கையில் மிஞ்சுவது சொற்பமே. செலுத்தும் மனம் இருந்தும் நாள் தவறிவிடுகிறது. இது ஒழுக்கக் குறைவன்று, நாட்கணக்கின் கோளாறு. அதைத் திருத்திக்கொள்ளும் வழியை இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முதலில் இரண்டு நாட்களை வேறு பிரித்து அறிய வேண்டும். ஒன்று, வங்கி நம் செலவுகளைக் கூட்டிப் பட்டியல் இடும் நாள். மற்றொன்று, அப்பட்டியலுக்குப் பணம் செலுத்தவேண்டிய கெடு நாள். கெடு நாள் பட்டியல் நாளைப் பின்பற்றியே வருவது. ஆதலால் பட்டியல் நாளை மாற்றினால்தான் கெடு நாளும் மாறும்.

இந்திய ரிசர்வ் வங்கி 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வெளியிட்ட விதிகள், இந்நாளை ஒருமுறை மாற்றிக்கொள்ள அட்டைதாரருக்கு இடமளித்தன. 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் திருத்தம், குறைந்தது ஒருமுறையேனும் அவரவர் வசதிப்படி மாற்றிக்கொள்ளலாம் என்று அவ்வுரிமையை விரிவாக்கியது. வங்கியின் உதவித் தொலைபேசி, மின்னஞ்சல், இணையதளம், கைப்பேசிச் செயலி ஆகியவற்றின் வாயிலாக இதைக் கோரலாம்.

முன் சொன்னவருக்குப் பட்டியல் 10ஆம் தேதி வருகிறதெனில், கெடுவுக்கு இடையில் 18 நாட்கள் உள்ளன. பட்டியலை 18ஆம் தேதிக்கு மாற்றினால், கெடு அடுத்த மாதம் 5 அல்லது 6ஆம் தேதியில் விழும். சம்பளம் வந்த கையோடு கடனும் தீரும்.

மாற்றம் நிகழும் மாதத்தில் மட்டும் விழிப்பு வேண்டும். முன்னரே வந்துவிட்ட பட்டியலின் கெடு மாறாது; அதைப் பழைய நாளிலேயே செலுத்த வேண்டும். அடுத்த பட்டியல் ஒரு மாதத்திற்குக் கூடுதலான செலவுகளைத் தாங்கி வரலாம்; தொகை பெரிதாயிருப்பது கண்டு மருள வேண்டா. வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் கழியுமாறு ஏற்பாடு செய்திருப்போர், அதுவும் புதிய நாளுக்கு மாறிற்றா என்று கேட்டறிதல் நன்று.

கெடு கடந்து மூன்று நாட்களுக்கு மேல் பாக்கி நின்றால்தான் தாமதக் கட்டணம் விதிக்கலாம், கடன் தகவல் நிறுவனங்களுக்கும் அறிவிக்கலாம் என்பது விதி. எனினும் அம்மூன்று நாட்களைச் சலுகையென்று நம்பியிருத்தல் ஆகாது. அவற்றைக் கடந்துவிட்டால், தாமதம் கெடு நாளிலிருந்தே கணக்கிடப்படும்.

கெடு நாளை மாற்றுவதால் கடன் ஒரு காசும் குறைவதில்லை. வரவுக்கு அருகில் கடனைக் கொணர்ந்து நிறுத்துவதே அதன் பயன். முழுத் தொகையையும் தவறாது செலுத்துகிறவர்க்கே அப்பயன் முழுமையாகக் கிட்டும்.